அம்சவேணிக்குப் பேச்சு வந்த வழி

அம்சவேணி வாய் ஓயாமல் பேசுகிறவள். ஜோலார்பேட்டையில் பிறந்த வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். கல்யாணமாகி மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு சந்தில் குடித்தனம் வைத்த முதல் வாரத்திலேயே சந்து முழுவதும் அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. காய்கறிக்காரர், பால்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர் என்று யார் வந்தாலும் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அவள் கணவர் சேகரன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். அவர் அளந்து பேசுகிறவர். வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று விட்டுவிட்டார் என்று சந்தில் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட அம்சவேணியை, மைசூரின் ஒரு தெருமுனையில் மட்டும் ஊமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஐந்து வருஷமாக.

அது நடந்தது தொண்ணூற்றொன்றாம் வருஷம் டிசம்பரில். காவிரித் தண்ணீர்த் தீர்ப்பை அரசு கெஜட்டில் போட்டதும், பெங்களூரில் கலவரம் என்று பேப்பரில் வந்தது. மறுநாளே மைசூரிலும் தமிழர்களைத் தேடி அடிக்கிறார்கள் என்று பேச்சு. சந்தில் தமிழ் வீடுகள் சிலதான். சந்தின் வாயிலில் பாப்பம்மாளின் தையல் கடை இருந்தது. போர்டில் கன்னடத்துக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தது. அந்தத் தமிழ் எழுத்து போதுமானதாக இருந்தது. கடையைக் கொளுத்திவிட்டார்கள். பாப்பம்மாளின் கணவர் கரியப்பன் தையல் மிஷினை வெளியே இழுக்கப் போய், ஒரு பக்கப் புருவம் பொசுங்கித் திரும்பினார்.

விஜயநகரிலிருந்து சித்தையன் சொல்லி அனுப்பினார். சேகரனோடு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர், கன்னடக்காரர். எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றார். பஸ் ஓடவில்லை. நடந்துதான் போகவேண்டும்.

"வழியிலே யாரும் தமிழ்ல வாயைத் திறக்கக் கூடாது" என்றார் சேகரன். பிறகு அம்சவேணியைத் தனியாகப் பார்த்து, "நீ கன்னடமும் பேசாதே. உன் கன்னடத்துல ஜோலார்பேட்டைதான் இருக்கு" என்றார்.

ஐந்து பேர் கிளம்பினார்கள். சேகரன், அம்சவேணி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் அஷ்வினி, பாப்பம்மாள், கரியப்பன். ஸ்டேஷனைத் தாண்டி, கே.ஆர்.எஸ். ரோட்டில் செலுவாம்பா பார்க்கைத் தாண்டி, ஒண்டிக்கொப்பல் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒண்டிக்கொப்பலில் ஒரு திருப்பத்தில் நாலைந்து ஆட்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் கையில் இளநீர் வெட்டும் கத்தி.

"எல்லிந்த பர்த்தா இத்தீரா?" என்று கத்திக்காரர் கேட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்ற சாதாரணக் கேள்விதான். சேகரன், உறவுக்காரர் வீட்டுப் பூஜைக்குப் போகிறோம் என்று நல்ல கன்னடத்தில் சொன்னார். வேறொருவன் அம்சவேணியின் பக்கம் திரும்பி, "பையில் என்ன?" என்றான். அம்சவேணிக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. அதற்குள் அஷ்வினி முந்திக்கொண்டாள்.

"அம்மங்கே மாத்து பரல்லா. மூகி."

அம்மாவுக்குப் பேச்சு வராது, ஊமை. பெற்ற மகள் சொன்னாள். அம்சவேணி வாயைத் திறந்தபடியே நின்றாள். அதுவே ஊமைபோல இருந்திருக்க வேண்டும். கத்திக்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாப, பிட்ரோ" என்றார். பாவம், விடுங்கடா. வழி விட்டார்கள்.

ஊர் அடங்கிய பிறகு எல்லோரும் சந்துக்குத் திரும்பினார்கள், கரியப்பனைத் தவிர. அவர் சத்தியமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பொங்கலுக்கு வருவார், தை முடிவதற்குள் போய்விடுவார். பாப்பம்மாள் கடையைத் திரும்பத் திறந்தாள். போர்டு முழுக்கக் கன்னடம்.

அம்சவேணி வெளியே தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பஸ்ஸில் அவள் குரல் கொஞ்சம் எழும்பினாலும் சேகரன் இடுப்பில் கிள்ளுவார். இது போதாதென்று இன்னொன்றும் சேர்ந்தது. சித்தையன் மனைவி லிங்கம்மாவைப் பார்க்க அவள் மாதம் ஒருமுறை விஜயநகர் போவாள். ஒண்டிக்கொப்பலில் பஸ் மாறவேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் கத்திக்காரரின் இளநீர் வண்டி நின்றது. அவர் பெயர் மல்லப்பன். முதல் தடவை அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, குடிக்கிறீர்களா என்று கையால் ஜாடை காட்டினார். கத்தியைப் பார்த்ததும் அம்சவேணி அன்றைக்குப் போலவே வாயைத் திறந்தபடி நின்றாள். ஒன்று என்று விரலைக் காட்டினாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். அடுத்த மாதம் திடீரென்று எப்படிப் பேசுவது? மல்லப்பன் அவளுக்கென்று வழுக்கையுள்ள காயாகப் பொறுக்கி வைப்பார், வெயில் ஏறாத நிழலில் நிற்கச் சொல்லி ஜாடை காட்டுவார். வருஷக்கணக்கில் அம்சவேணி அங்கே விரல்களாலேயே பேசினாள். வீட்டில் ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களா, திட்டுவார்களா என்று அவளுக்கே தெரியவில்லை.

அஷ்வினி வளர்ந்து ஓவியக் கல்லூரியில் சேர்ந்தாள். அவளோடு படித்த பிரசாந்த் என்ற பையன் படம் வரைகிறதை விட்டுவிட்டு டேப்ரிக்கார்டரோடு ஊர் சுற்றுகிறவன். தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரர்கள் கூவுவது, ஜட்கா குதிரையின் குளம்பு, காலையில் ஒரு தெருவில் அடுத்தடுத்துக் கேட்கும் குக்கர் விசில் என்று கேசட் கேசட்டாகப் பிடித்து வைத்திருந்தான். சத்தத்திலேயே ஒரு படைப்பு செய்வேன் என்பான். அஷ்வினி அவனிடம் அந்த டிசம்பர் நடையைப் பற்றி ஏதோ பேச்சில் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

அவனுக்குத் தமிழ் வராது. கன்னடத்திலேயே விளக்கினான். அன்றைக்கு நடந்தவர்கள் அதே வழியில், அதே மாதிரி ஒரு டிசம்பர் காலையில் மறுபடி நடக்கவேண்டும். அவன் கூடவே வந்து பதிவு செய்வான். கல்லூரிக் கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் வாக்மேனைக் கொடுத்து, அதைக் காதில் மாட்டிக்கொண்டு அதே தெருக்களில் நடக்கச் சொல்வான்.

"ஒரு வார்த்தை பேசக்கூடாது ஆன்ட்டி. காலடிச் சத்தம், தெருச் சத்தம் மட்டும். அந்த மௌனம்தான் இதுக்கு உயிர்."

அம்சவேணி காப்பி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

"ஏம்ப்பா, மௌனமா நடந்ததுதான் ஏற்கெனவே ஆயிடுச்சே. அதையே எதுக்குத் திரும்பச் செய்யணும்?" என்றாள் அவளுடைய ஜோலார்பேட்டைக் கன்னடத்தில்.

"அம்மா, இது ஆர்ட்மா" என்றாள் அஷ்வினி.

"ஆர்ட்டோ கீர்ட்டோ. மறுபடியும் நான் வாயை மூடிக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்க மாட்டேன். ஒரு தடவை நடந்ததே இன்னும் நெஞ்சிலே நிக்குது. நடக்கறதா இருந்தா, அன்னிக்குப் பேசாததையெல்லாம் பேசிக்கிட்டு நடக்கலாம். தமிழ்ல, சத்தமா."

பிரசாந்த் காப்பியைக் குடிக்க மறந்து யோசித்தான். அவன் மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்த மௌனத்தை ஒரு டம்ளர் காப்பியோடு எடுத்துப் போட்டுவிட்டாளே என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனாலும் கெட்டிக்காரப் பையன். "சரி ஆன்ட்டி. நீங்க பேசுங்க" என்றான்.

சேகரனுக்கு இது பிடிக்கவில்லை. "இப்ப எல்லாம் சரியாத்தானே இருக்கு. எதுக்குக் கிளறணும்?"

"சரியா இருக்குன்னா பஸ்ல என்னை எதுக்குக் கிள்றீங்க?"

அவர் ரெண்டு நாள் பேப்பர் படித்தார். மூன்றாம் நாள், "ஞாயித்துக்கிழமையா இருந்தா எனக்கு லீவு" என்றார்.

பாப்பம்மாளைக் கேட்க அம்சவேணி கடைக்குப் போனாள். பாப்பம்மாளுக்கு ஊர் கொள்ளேகால் பக்கம். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள்.

"பேசறதுக்கு என்னங்க அம்மணி இருக்குது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அஞ்சு வருசமா உள்ளயே கிடக்குது. யாரைக் கேக்கோணும்னுதான் தெரியல."

"என்ன கேள்விக்கா?"

"கேக்கற ஆளைப் பாத்தா கேட்டுக்கறேன். வர்றேன் போங்க."

டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மைசூர்ப் பனி இன்னும் விலகவில்லை. பிரசாந்த் டேப்ரிக்கார்டரைத் தோளில் மாட்டியிருந்தான். காற்று இரையாமல் இருக்க மைக்குக்குக் குழந்தைகளின் மங்கி குல்லா ஒன்றைப் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் அம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. சந்திலிருந்து கிளம்பினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், யாருக்கும் பேச வரவில்லை. தினமும் பேசுகிற அம்சவேணிக்கே வாய் கட்டிப்போனது. பேசு என்று ஒருவன் மைக்கை நீட்டினால் என்ன பேசுவது? சாலைக்கு வந்து, ஆஸ்பத்திரியைத் தாண்டியாகிவிட்டது. கேசட்டில் ஏறினதெல்லாம் பாப்பம்மாளின் இருமலும் ஒரு பால் வேனும்தான். பிரசாந்தின் முகத்தில், நான் சொன்ன மௌனம் தானாகவே வந்துவிட்டதே என்ற ஒரு சந்தோஷம் தெரிந்தது.

ஸ்டேஷன் பக்கம் வந்ததும் சேகரன்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"அன்னிக்கு இந்த இடத்துலதான் பாத்தேன். வலது கால்ல என் செருப்பு, இடது கால்ல அஷ்வினி செருப்பு. அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன். சொல்லவும் முடியல. பாதி பாதம் ரோட்டுலதான்."

"அப்ப என்னோட இன்னொரு செருப்பு?" என்றாள் அஷ்வினி.

"அது வீட்டுல. நீ வெறுங்காலோட வந்தே. கவனிக்கலையா?"

அஷ்வினி நின்றுவிட்டாள். "ஆமாப்பா. காலெல்லாம் வலிச்சுது. பயத்துலன்னு நினைச்சேன்."

பாப்பம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். அத்தோடு அடைப்பு விலகியது. அம்சவேணி ஆரம்பித்தாள்.

"எனக்கு இங்கே ஒரு தும்மல் வந்துச்சு. தும்மல் தமிழா கன்னடமான்னு தெரியல. எதுக்கு வம்புன்னு மூக்கைப் பிடிச்சு அடக்கிட்டேன். காது ரெண்டும் அடைச்சுப்போச்சு."

கே.ஆர்.எஸ். ரோட்டின் பெரிய மரங்களுக்குக் கீழே அவர்கள் உரக்கத் தமிழில் பேசிக்கொண்டு நடந்தார்கள். ஸ்கூட்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். சேகரனின் கை பழக்கதோஷத்தில் அம்சவேணியின் இடுப்புப் பக்கம் வந்தது. அவள் பார்த்த பார்வையில் கை திரும்பிப் போய்விட்டது. ஸ்கூட்டர்காரரும் போய்விட்டார். மைக்குக்குப் போட்ட குல்லாவைத்தான் பார்த்தார்போலும்.

செலுவாம்பா பார்க்கின் கம்பி வேலியோரமாக நடக்கும்போது பாப்பம்மாள் தானாகவே பேசினாள்.

"கடையில எரிஞ்சதுல முக்காவாசி கன்னடக்காரங்க துணிங்க, தெரியுமா அம்மணி? ஒரு கல்யாணப் பொண்ணோட ரவிக்கை. பச்சைப் பட்டு. கை ஓரத்துக்கு மட்டும் ஜரிகை வெச்சு முடிச்சு, கொக்கி போடறதுதான் பாக்கி. அன்னைக்கு நடக்கறப்ப எனக்குக் கடை போச்சு, மிஷின் போச்சுங்கற நெனப்பே இல்லை. அந்தப் புள்ளைக்கு என்ன சொல்றதுங்கறதுதான் ஓடிட்டே இருந்துச்சு."

"என்ன சொன்னீங்க அப்புறம்?"

"அவங்கம்மா வந்தாங்க. கரிக்கட்டையைப் பாத்துட்டு நின்னாங்க. ஒண்ணும் கேக்கலை. திரும்பிப் போயிட்டாங்க. கேட்டிருந்தா தேவலைன்னு இருந்துச்சு."

பிரசாந்துக்கு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் மைக்கை அவள் பக்கமாகவே வைத்திருந்தான். அஷ்வினி மெல்லிய குரலில் அவனுக்குக் கன்னடத்தில் சொன்னாள். அவன் நடை கொஞ்சம் தளர்ந்தது. அவன் வீடு ஒண்டிக்கொப்பலில்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள் என்று கிரிக்கெட் ஆடியது மட்டும்தான் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றான்.

ஒண்டிக்கொப்பல் நெருங்க நெருங்க அம்சவேணியின் பேச்சு குறைந்தது. எல்லோரும் அந்தத் திருப்பத்தை நினைத்துத்தான் என்று எண்ணிக்கொண்டார்கள். அவள் திடீரென்று, "இந்தத் தெரு வேணாம். அந்தப் பக்கமாப் போயிடலாம்" என்றாள்.

"அதே வழியிலதாம்மா போகணும்."

"அங்கே நான் ஊமை" என்றாள் அம்சவேணி.

முழுக்கதையையும் நடுரோட்டில் நின்று சொல்லவேண்டியதாயிற்று. ஜாடை, விரல், வழுக்கை எல்லாவற்றையும். சேகரன் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அஷ்வினி சிரிக்கவில்லை.

"நான் சொன்ன ஒரு வார்த்தையாலயா? இத்தனை வருஷமா?"

"நீ சொன்னதாலதான் அன்னிக்குப் போனோம்" என்றாள் அம்சவேணி. "ஆனா பெத்த பொண்ணு ஊமைன்னு சொன்னது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அதை இன்னிக்குச் சொல்லிட்டேன். முடிஞ்சுது. வா."

திருப்பத்தில் வண்டி நின்றது. மல்லப்பன் அவளைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையைத் தூக்கி, எத்தனை என்று விரலை ஆட்டிக் கேட்டார். அம்சவேணி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சு எளநீர் வெட்டுங்க. எனக்கு வழுக்கை இருக்கறதா பாருங்க."

தமிழில், தெருவுக்கே கேட்கிற மாதிரி. மல்லப்பன் திடுக்கிடுவார், கத்தி கையிலிருந்து நழுவும் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் குனிந்து ஒரு காயை எடுத்துத் தட்டிப் பார்த்தார். சீவினார்.

"கடைசியிலே பேசிட்டீங்க" என்றார் கன்னடத்தில்.

அம்சவேணிதான் திடுக்கிட்டாள். "தெரியுமா உங்களுக்கு?"

"ரொம்ப நாளாத் தெரியும். ஒரு தடவை அதோ அந்த ஸ்டாப்பிலே பஸ் நிக்காமப் போச்சு. நீங்க அது பின்னாடியே ஓடிக் கண்டக்டரைத் திட்டினீங்க. ஒண்டிக்கொப்பலே கேட்டுது."

"அப்புறம் ஏன் ஜாடை காட்டினீங்க?"

மல்லப்பன் வெட்டிய காயை அவளிடம் நீட்டினார்.

"நீங்க பேசினா நானும் பேச வேண்டியிருக்குமே."

பாப்பம்மாள் முன்னால் வந்தாள். அவள் அவரை அன்றைக்குப் பிறகு பார்த்ததே இல்லை. அவளும் கன்னடம் நன்றாகப் பேசுவாள். ஆனால் தமிழில்தான் கேட்டாள்.

"அன்னைக்கு எங்கூட்டுக்காரருக்குப் புருவம் பொசுங்கியிருந்துச்சு. சட்டையெல்லாம் பொகை நாத்தம். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. எங்கிருந்து வர்றோம்னு பாத்தாலே தெரியுமில்லீங்க? தெரிஞ்சுட்டே எங்கிருந்து வர்றீங்கன்னு ஏனுங்க கேட்டீங்க?"

மல்லப்பனுக்குப் புரிந்தது. மைசூரில் தெருவில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இவ்வளவு தமிழ் புரியும். அவர் மைக்கைப் பார்த்தார்.

"அது ஓடுதா?"

"ஓடுது" என்றான் பிரசாந்த்.

"நிறுத்து."

பிரசாந்தின் விரல் பட்டனுக்குப் போயிற்று. பாப்பம்மாள் அவன் பக்கம் திரும்பாமலே, "ஓடட்டும் தம்பி" என்றாள். விரல் அங்கேயே நின்றது. கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் வந்தது. ஒரு சைக்கிள்காரர் பெல் அடித்துக்கொண்டு போனார். மல்லப்பன் கத்தியை வண்டியின் பலகையில் வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தேன்" என்றார். "புகை வாசனையும் வந்தது. அன்னிக்கு எல்லாரும் எல்லாரையும் கேட்டாங்க. பின்னாலே நாலு பேர் நின்னாங்க, நானும் கேட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகவேண்டாம்னுதான் இருந்தது. ஆனா நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியாது. அது இன்னிக்கும் தெரியாது."

பாப்பம்மாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வேறு ஏதாவது சொல்வார் என்று அம்சவேணி காத்திருந்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரிங்க" என்றாள் பாப்பம்மாள். அவளுக்கென்று வெட்டிய இளநீரை எடுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

அங்கிருந்து விஜயநகர் வரைக்கும் பாப்பம்மாள் ஓயாமல் பேசினாள். கரியப்பனுக்குச் சத்தியமங்கலத்து வெயில் ஆகாமல் உடம்பெல்லாம் வேர்க்குரு என்பதையும், புது மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருப்பதையும், கொள்ளேகாலில் அவள் தங்கை பெண்ணுக்கு வந்திருக்கிற வரனையும் சொன்னாள். பல தடவை உள்ளே நுழையப் பார்த்தும் அம்சவேணிக்கு இடம் கிடைக்கவில்லை. பிரசாந்த் கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

லிங்கம்மா வாசலிலேயே காத்திருந்தாள். உள்ளே உப்புமாவும் கேசரியும் சேர்த்த சௌசௌ பாத்தும் சட்னியும் தயாராக இருந்தன. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு நுழைவதைப் பார்த்து அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வந்தீங்களே, கதவைச் சாத்தின பிறகும் ஒருத்தர் வாய் திறக்கலை. ராத்திரி வரைக்கும் பாயிலே உட்கார்ந்தே இருந்தீங்க. நான்தான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன்போலன்னு உள்ளே போய் அழுதேன்" என்றாள் கன்னடத்தில்.

"நீங்களா? எதுக்கு?" என்று அம்சவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் இதை லிங்கம்மா சொன்னதே இல்லை. பிரசாந்த் அவசரமாகக் குல்லாவைச் சரிசெய்து மைக்கை உள்ளே நீட்டினான்.

கண்காட்சிக்கு முன்னால் ஒரு சின்னச் சண்டை வந்தது. பிரசாந்த் பேச்சுக்கு அடியில் வயலின் சேர்த்து வைத்திருந்தான். அம்சவேணி கேட்டுப் பார்த்துவிட்டு, இழவு வீட்டில் ரேடியோ வைத்தமாதிரி இருக்கிறது என்றாள். வயலின் போயிற்று. பாப்பம்மாளின் கேள்விக்கும் மல்லப்பனின் பதிலுக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அவன் சுருக்கியிருந்தான். அதை இருந்தபடியே விடச் சொன்னவள் அஷ்வினி.

கடன் வாங்கிய வாக்மேன்கள் கொஞ்சம்தான். ஒன்று முதல் நாளே நாடாவைத் தின்றுவிட்டது. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். காதில் மாட்டிக்கொண்டு சந்திலிருந்து கிளம்பி, யாரோ ஒருவருடைய செருப்புக் கதையைக் கேட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டு சாலையில் போனார்கள். கன்னடம் மட்டும் தெரிந்தவர்களுக்கும் பாதி புரிந்தது. கல்லூரியில் ஒரு வாத்தியார், முடிந்துபோனதை எதற்கு எடுக்கவேண்டும், ஊரில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். இன்னொரு வாத்தியார் அவரிடம் ஒரு வாக்மேனைக் கொடுத்து, போய் நடந்துவிட்டு வந்து பேசுங்கள் என்றார். அவர் போகவில்லை. ஆனால் அதற்குமேல் பேசவும் இல்லை.

மல்லப்பனுக்குத்தான் சங்கடம். திருப்பத்துக்கு வருகிறவர்கள் காதில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே எதிரில் அவரைப் பார்த்தார்கள். சிலர் இளநீர் குடித்தார்கள். சிலர் சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ரெண்டு நாள் அவர் வண்டியைக் கோயில் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே திரும்பினார். அம்சவேணி அந்த வழியாகப் போனபோது, "உங்க மிஷினால எல்லாரும் என் முகத்தைப் பார்க்கறாங்க" என்றார்.

"பார்க்கட்டும்" என்றாள் அம்சவேணி.

அவர் ஒரு காயை எடுத்துச் சீவினார். "பார்க்கட்டும்" என்று அவரும் சொன்னார்.

கேசட்டின் ஒரு பிரதி சத்தியமங்கலத்துக்குப் போயிற்று. பொங்கலுக்குக் கரியப்பன் வந்தார். கேட்டேன் என்றும் சொல்லவில்லை, கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை. தை முடிவதற்குள் போய்விடுகிறவர், அந்த வருஷம் மாசி பாதி வரைக்கும் இருந்தார். கடையில் உட்கார்ந்து கொக்கி, பொத்தான் எல்லாம் வைத்துக் கொடுத்தார். பிறகு போய்விட்டார். அடுத்த வருஷம் என்ன செய்வார் என்று பாப்பம்மாளுக்கே தெரியாது.

பாப்பம்மாளுக்குச் சர்க்கரை என்று டாக்டர் நடக்கச் சொன்னார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அம்சவேணியும் அதே வழியில் நடக்கிறார்கள். சில வாரம் சேகரனும் வருவார், பின்னால் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. யார் வீட்டுக் கல்யாணம், எந்தக் கடையில் புளி நன்றாக இருக்கிறது, அஷ்வினி அந்தப் பிரசாந்தைக் கட்டிக்கொள்ளப் போகிறாளா இல்லையா என்பதெல்லாம் கே.ஆர்.எஸ். ரோட்டுக்குத் தெரியும்.

பங்குனியில் ஒரு காலை, ஒண்டிக்கொப்பலில் உள்தெரு ஒன்றில் அவர்கள் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வெளியே வந்தாள். ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பாதிக் குரலில் கேட்டாள்.

"நீங்க தமிழா?"

"ஆமாம், ஜோலார்பேட்டை. இவங்க கொள்ளேகால் பக்கம். நீங்க?"

"கும்பகோணம். அவருக்கு பேங்க்ல வேலை. இந்தத் தெருவுக்கு வந்து ரொம்ப வருஷமாச்சு. நாலு வாரமா உள்ளேயிருந்து நீங்க பேசிண்டு போறதைக் கேட்டுண்டே இருக்கேன். போன வாரம் புளி விஷயம் பாதியிலே நின்னு போச்சு, எந்தக் கடைன்னு காதுல விழலை."

"அது பெரிய கதைங்க" என்றாள் பாப்பம்மாள். "நடந்துட்டே சொன்னாத்தான் ஆகும்."

அந்த அம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் இருங்கோ. அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்" என்றாள். இந்தத் தடவை குரல் முழுசாக வந்தது.

அவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.